அபினி விஷமும் பள்ளிக்கூடமும்

குழந்தைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது, எதை மறைத்து வைப்பது என்பது பெற்றோரையும் உபாத்தியாயர்களையும் என்றும் வாட்டி வரும் கேள்வியாகும். போதை வஸ்துக்களின் விஷயத்தில் இக்கேள்வி மிகவும் கூர்மை அடைகிறது. "தெரியாத பிள்ளைக்குத் தெரியச் செய்து, இல்லாத ஆசையை ஏன் உண்டாக்க வேண்டும்?" என்பர் ஒரு சாரார். "ஆண்டுக்கு ஒரு நாள் ஊர்வலம் நடத்தி, உறுதிமொழி எடுக்கச் செய்தால் போதும்" என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டு கட்சியும் தவறு என்பதே நமது அபிப்பிராயம். மௌனமும் பயன் தராது. முழக்கமும் பயன் தராது. முறையாகக் கற்பிப்பதே பயன் தரும்.

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகரங்களை மனத்தில் வைத்து இவ்விஷயத்தை ஆராய்வது பொருத்தமாகும். சென்னைக்கும் தென் ஜில்லாக்களுக்கும் இடையே விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பு. திருச்சிக்கும், கடலூருக்கும், புதுச்சேரிக்கும், காட்பாடிக்கும் அங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. திண்டிவனமோ சாலைகளின் சந்திப்பு. திருச்சிச் சாலையும், புதுச்சேரிச் சாலையும், திருவண்ணாமலைச் சாலையும் அங்கே கைகோக்கின்றன. சந்திப்பு என்பது வியாபாரத்துக்கு வரப்பிரசாதம். ஆனால் நல்ல சரக்கு வரும் வழியிலேயே கெட்ட சரக்கும் வரும் என்பதை யாரும் மறந்துவிடலாகாது. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் நாள்தோறும் பஸ் ஏறி இந்நகரங்களின் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வந்து போகின்றனர். காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்ட பிள்ளை மாலையில் திரும்பும் வரையில் தாய் தந்தையரின் கண் பார்வையில் இல்லை. அந்த இடைவேளையில் அவனுக்குத் துணை, அவன் கற்ற கல்வி ஒன்றுதான்.

இப்பகுதி மக்களுக்குப் போதையின் கொடுமையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து மீனவக் குடும்பங்கள் பல தலைவனை இழந்தன. 1993-இல் விழுப்புரம் ஜில்லா உண்டானது முதல் 2019 வரையில் அதன் பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சியில், 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதே விஷத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாராயத்தால் நேர்ந்த சாவு கண்ணுக்குத் தெரிகிறது, பத்திரிகையில் வருகிறது, மந்திரிகள் வந்து ஆறுதல் கூறுகின்றனர். ஆனால் அபினி வர்க்கத்தைச் சேர்ந்த மருந்துகள் ஓசையின்றி வேலை செய்பவை. அவற்றில் சிக்கிய பிள்ளையின் முகத்தில் வாடை இராது, நடை தள்ளாடாது. வீட்டார் அறியும்போது நோய் முற்றியிருக்கும். ஆகையால்தான் இதைப்பற்றிய கல்வி தனியாக வேண்டியிருக்கிறது.

நம் தேசத்தின் பழைய தழும்பு

அபினி நம் நாட்டுக்குப் புதிதன்று. அதன் சரித்திரம் அடிமை வாழ்வின் சரித்திரத்தோடு பின்னிக் கிடக்கிறது. கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலே அபினி. கிழக்கிந்தியக் கம்பெனியார் வங்காளத்திலும் பீகாரிலும் குடியானவர்களைக் கொண்டு அதைப் பயிரிடுவித்து, ஏலத்தில் விற்று, சீன தேசத்துக்குள் புகுத்தினார்கள். அதைத் தடுக்க முயன்ற சீனர் மீது 1839-லும் 1856-லும் யுத்தங்கள் தொடுக்கப்பட்டன. ஒரு தேசத்தாரின் உழைப்பைக் கொண்டு இன்னொரு தேசத்தாரை மயக்கத்தில் ஆழ்த்திய அந்த வியாபாரத்தின் வருமானத்தில்தான் நம்மை ஆண்ட சர்க்காரின் பொக்கிஷம் பெருமளவு நிரம்பியது.

தேசிய இயக்கத்தார் இதை வெறும் சுகாதார விஷயமாகக் கருதவில்லை. சுயமரியாதை விஷயமாகவே கருதினர். அஸ்ஸாமில் அபினிப் பழக்கம் கிராமம் கிராமமாகப் பரவியிருந்தது. ஒத்துழையாமை இயக்கத் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று அதை விடச் செய்தனர். பின்னர் காங்கிரஸ் ஒரு விசாரணைக் கமிட்டியை ஏற்படுத்தி, 1925-இல் அறிக்கை வெளியிட்டது. தீனபந்து ஆண்ட்ரூஸ் அவ்விசாரணைக்குப் பெருந்துணையாக நின்றார். அச்சமயம் தொண்டர்கள் கையில் சட்டமும் இல்லை, போலீஸும் இல்லை. அவர்கள் ஜனங்களுக்கு உண்மையை எடுத்துச் சொன்னார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

நமது மாகாணத்தில் ராஜாஜி 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தி தினத்தில் அது மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. அன்று முதன் மந்திரியாக இருந்தவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார் என்பதில் இப்பகுதியினர் பெருமை கொள்ளலாம். மருந்துக்கன்றி வேறு எதற்கும் அபினி விற்கலாகாது என்ற கொள்கையைச் சுதந்திர இந்தியா 1949-இல் மேற்கொண்டு, 1959-க்குள் அந்த விற்பனையை முடித்தது. நமது அரசியலமைப்பின் 47-ஆவது விதியும், உடல் நலத்துக்குக் கேடான மதுவையும் மருந்துகளையும் விலக்க முயல்வது ராஜ்யத்தின் கடமை என்று கூறுகிறது. 1985-இல் போதை மருந்துகளைப் பற்றிய கடுமையான சட்டம் பிறந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆயினும் 1971-இல் தமிழ்நாட்டு மதுவிலக்கு தளர்த்தப்பட்ட கதை நமக்கு ஒன்றை உணர்த்துகிறது: சட்டம் எழுதப்படும், மாற்றவும்படும். ஜனங்களின் அறிவில் ஊன்றிய விலக்குதான் நிலைத்து நிற்கும்.

விஷத்தின் புது வேஷம்

இன்று அபினி உருண்டையாக வருவதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய ரசாயனியான ஸெர்ட்யூர்னர் அபினியிலிருந்து மார்பீனைப் பிரித்தெடுத்தார். 1898-இல் பேயர் கம்பெனியார் ஹெராயினை இருமல் மருந்தாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதற்குப் பின் ரசாயன சாலைகளில் எத்தனையோ உறவு மருந்துகள் தோன்றின. சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீன், வலியை அடக்கும் டிரமடால், டேப்பென்டடால் ஆகியவை அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. டிரமடாலை இந்திய சர்க்கார் 2018-இல் போதை மருந்துச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தனர். டேப்பென்டடால் மாத்திரையின் பெயரோ தமிழ்நாட்டுப் போலீஸ் செய்திகளில் அடிக்கடி அடிபட்டு வருகிறது. இவை எல்லாம் டாக்டரின் சீட்டு இன்றி விற்கக்கூடாதவை.

மாத்திரை வடிவந்தான் ஆபத்தைப் பெருக்குகிறது. கள்ளுக்கடைக்குப் போகக் கூசும் பையன் மருந்துக்கடைக்குப் போகக் கூசமாட்டான். கஞ்சா என்றால் பயப்படுபவன், தகர அட்டையில் பொதிந்து கம்பெனிப் பெயர் அச்சிட்ட மாத்திரை என்றால், "இது மருந்துதானே" என்று துணிகிறான். இந்தப் பொய்த் துணிவைத் தகர்ப்பதே பள்ளிக்கூடத்தின் முதல் வேலை.

அதற்கு வேண்டிய விஞ்ஞானம் கடினமானதன்று. வலியைத் தணிப்பதற்கென்று நம் உடலே சில ரசாயனங்களை உண்டாக்கிக்கொள்கிறது. அவை மூளையில் உள்ள சில ஏற்பிகளில் பொருந்தி வேலை செய்கின்றன. அபினி வர்க்க மருந்துகள் அதே ஏற்பிகளில் வலுவாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வலி மறைகிறது, பொய்யான சுகம் தோன்றுகிறது. சில வாரங்களில் உடல் அதற்குப் பழகிவிடும். முன்பு ஒன்று தந்த மயக்கத்தை இப்போது இரண்டுதான் தரும். நிறுத்தினாலோ உடல் முறிவு, வயிற்றுப்போக்கு, நடுக்கம், தூக்கமின்மை முதலியவை வாட்டும். இப்போது அவன் சுகத்துக்காக உட்கொள்வதில்லை. வேதனைக்குப் பயந்து உட்கொள்கிறான். எல்லாவற்றிலும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. சுவாசத்தை நடத்தும் மூளைப் பகுதியை இம்மருந்துகள் அடக்குகின்றன. அளவு மிஞ்சினால், அல்லது மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால், தூங்குவதுபோல் மூச்சு நின்றுவிடும். ஊசி மூலம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு எய்ட்ஸ் கிருமியும், ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் கிருமியும் தொற்றுகின்றன.

இதை உயிரியல் பாடத்தில் சுவாசத்தையும் நரம்பு மண்டலத்தையும் கற்பிக்கும்போதே சொல்லிவிடலாம். ஒரு மணி நேரம் போதும். ஆனால் உண்மையின் மறு பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புற்று நோயால் துடிப்பவனுக்கு மார்பீன் கருணை மருந்து. அத்தகைய நோயாளிகளுக்கு அது எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. "எல்லாம் விஷம்" என்று மட்டும் கற்பித்தால், வீட்டில் பாட்டிக்கு டாக்டர் மார்பீன் கொடுப்பதைப் பார்க்கும் பிள்ளை நம் பேச்சு முழுவதையும் பொய் என்று தள்ளிவிடுவான். மருந்து டாக்டர் கையில் அமிர்தம். வியாபாரி கையில் நஞ்சு. இந்த வேற்றுமையை உணர்ந்த மாணவனே பாதுகாப்பானவன்.

கணக்குக் கூறுவது

டில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தின் போதை சிகிச்சை மையம் நாடெங்கும் கணக்கெடுத்து, 2019-இல் அறிக்கை வெளியிட்டது. அதன்படி ஏறக்குறைய 2 கோடியே 26 லட்சம் இந்தியர் அபினி வர்க்க வஸ்துக்களை உபயோகிக்கின்றனர். அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்குச் சிகிச்சையோ பிற உதவியோ தேவை. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 1.8 பேர் இதில் சேர்கின்றனர். தொகையில் அது சுமார் 40 லட்சம். வடகிழக்கு ராஜ்யங்கள், பஞ்சாப், ஹரியானா, டில்லி முதலிய இடங்களில் இத்தீமை நம் பக்கத்தைவிட மிகுதி.

"அப்படியானால் நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று கேட்கலாம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. அமெரிக்காவில் 1996-இல் ஆக்ஸிகாண்டின் என்ற வலி மாத்திரை பெரும் விளம்பரத்தோடு விற்பனைக்கு வந்தது. டாக்டர்கள் தாராளமாக எழுதிக் கொடுத்தனர். மாத்திரையில் தொடங்கியவர்களில் பலர் ஹெராயினுக்கும், அதைவிடக் கொடிய பென்டனிலுக்கும் சென்றனர். 2021-இல் அந்நாட்டில் அபினி வர்க்க மருந்துகளால் மாண்டவர்கள் 80 ஆயிரம் பேர். செல்வமும் ஆஸ்பத்திரிகளும் நிரம்பிய நாட்டுக்கே இக்கதி நேர்ந்தது என்றால், தீமை குறைவாக இருக்கும்போதே விழித்துக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்?

இக்கணக்கில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. நூற்றுக்கு 98 பிள்ளைகள் இவ்வஸ்துக்களைத் தொடுவதில்லை. "எல்லாரும் செய்கிறார்கள், நீ மட்டும் ஏன் பயப்படுகிறாய்?" என்பதுதான் கெட்ட நண்பனின் முதல் தூண்டில். எல்லாரும் செய்யவில்லை என்று அறிந்த பையன் அத்தூண்டிலில் சிக்கமாட்டான்.

உறுதிமொழி போதுமா?

பள்ளிகளில் ஒன்றுமே நடக்கவில்லை என்று கூறுவது நியாயமாகாது. குழந்தை உரிமைக்கு உழைக்கும் பச்பன் பச்சாவோ அந்தோலன் என்ற சங்கம் தொடர்ந்த வழக்கில், 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நாடு தழுவிய கணக்கெடுப்பு வேண்டும், தேசியத் திட்டம் வேண்டும், பாடத் திட்டத்திலேயே இவ்விஷயம் இடம்பெற வேண்டும் என்று அத்தீர்ப்பு வற்புறுத்திற்று. 2020-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தில் மத்திய சர்க்கார் 272 ஜில்லாக்களில் போதை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தலைமையில் ராஜ்யமெங்கும் மாணவர்கள் போதைக்கு எதிராக உறுதிமொழி ஏற்றனர். ஜூன் 26-ஆம் தேதி உலகப் போதை ஒழிப்பு தினம் ஆண்டுதோறும் பள்ளிகளில் அனுஷ்டிக்கப்படுகிறது.

இவை யாவும் நல்லவையே. ஆனால் உறுதிமொழி என்பது வாயில் இருந்து வருவது. அதைக் காப்பாற்றும் திறமை பயிற்சியில் இருந்து வருவது. நீச்சல் தெரியாதவனை, "முழுகமாட்டேன்" என்று சத்தியம் செய்யச் சொல்லி ஏரியில் இறக்கலாமா?

மேல் நாட்டு அனுபவம் இங்கே நமக்குப் பாடம். அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 'டேர்' என்ற இயக்கம் தோன்றிற்று. சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி வகுப்புக்கு வந்து போதையின் தீமையைப் போதிப்பார். நாடெங்கும் பரவிய அவ்வியக்கத்துக்குப் பெரும் பணம் செலவாயிற்று. பின்னர் ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அப்பாடத்தைக் கேட்ட பிள்ளைகளுக்கும் கேளாத பிள்ளைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. 2003-இல் அந்நாட்டு அரசாங்கத் தணிக்கை அலுவலகமே இதை எடுத்துக் கூறிற்று. அதன்பின் அவ்வியக்கத்தாரே தங்கள் முறையை மாற்றிக்கொண்டனர்.

ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் போதைத் தடுப்புப் பிரிவு 2013-இல் வெளியிட்டு, 2018-இல் புதுப்பித்த வழிகாட்டியும் இதையே உறுதிப்படுத்துகிறது. பயமுறுத்தும் படங்களைக் காட்டுவதும், வெறும் தகவலைப் பிரசங்கமாகப் பொழிவதும், போதையிலிருந்து மீண்டவரை மேடையேற்றி அனுபவம் சொல்லச் செய்வதும் பயன்படவில்லை. பயன்பட்டது எது? பயிற்சி பெற்ற உபாத்தியாயர், வாரம் ஒரு முறையாகப் 10 முதல் 15 வகுப்புகள், பிள்ளைகளையே பேச வைத்து, நடித்துக் காட்ட வைத்து, மறுக்கும் திறமையையும், மனச் சோர்வைத் தாங்கும் வகையையும், தீர யோசித்து முடிவு செய்யும் பழக்கத்தையும் வளர்ப்பதே.

செய்ய வேண்டுவன

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள பள்ளிகளில் இதை நடத்துவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

முதலாவது, வயதுக்கு ஏற்ற பாடம். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் போதை வஸ்துக்களின் பெயர்ப் பட்டியலை ஒப்பிக்கச் செய்ய வேண்டாம். டாக்டர் சொன்னாலன்றி எம்மாத்திரையையும் விழுங்கலாகாது, ஒருவர் மருந்தை மற்றவர் உண்ணலாகாது, கூடாததைக் கூடாது என்று சொல்லக் கூசலாகாது என்பவை போதும். 9-ஆம் வகுப்புக்கு மேல் மேற்சொன்ன விஞ்ஞானத்தையும், சட்டத்தையும், அபினி யுத்தத்தின் சரித்திரத்தையும் அந்தந்தப் பாடத்தோடு இணைத்துக் கற்பிக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் மனம் விட்டுப் பேசத்தக்க உபாத்தியாயர் இருவருக்கேனும் பயிற்சி வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று பெண் பள்ளிகளை விட்டுவிடலாகாது. முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு வைத்தியக் கல்லூரியின் டாக்டர்களைக் கொண்டு விடுமுறை நாட்களில் அப்பயிற்சியை அளிக்கலாம்.

மூன்றாவது, மிக முக்கியமானது. சிக்கிய பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பையிலிருந்து மாத்திரை எடுக்கப்பட்டதும், பள்ளியின் நற்பெயரைக் காப்பதாக எண்ணி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. அப்பிள்ளை எங்கே போவான்? வகுப்பை விட்டவனுக்கு மிச்சம் இருக்கும் ஒரே துணை, அவனைக் கெடுத்த கூட்டம். ஒரு பள்ளி தன் பெயரைக் காத்துக்கொண்டது. ஊர் ஒரு பிள்ளையை இழந்தது. தண்டிக்கப்பட வேண்டியவன் விற்றவன். குழந்தைக்குப் போதை வஸ்து கொடுத்தவனுக்கும், குழந்தையைக் கொண்டு விற்றவனுக்கும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 7 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. தானே முன்வந்து சிகிச்சை பெறுபவனுக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்க 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு இடந்தருகிறது. சட்டமே கருணை காட்டுமிடத்தில் பள்ளிக்கூடம் கடுமை காட்டலாமா?

இப்பழக்கம் தீராத நோயன்று. பூப்ரெனார்பின் முதலிய மருந்துகளாலும், ஆலோசனையாலும், குடும்பத்தாரின் ஆதரவாலும் மீண்டவர் பலர். 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் யாரும் வழி கேட்கலாம். மனத் துயரத்துக்கு 14416 என்ற எண் இருக்கிறது. இவ்விரண்டு எண்களும் ஒவ்வொரு வகுப்பின் சுவரிலும் எழுதப்பட வேண்டும். முதல் தேதியை மறந்தாலும் மாணவன் இவற்றை மறக்கலாகாது.

நான்காவது, பள்ளிக்கு வெளியே உள்ளோர் கடமை. மருந்துக்கடைக்காரர்கள் சீட்டின்றி வலி மாத்திரை விற்பதில்லை என்று சங்கம் கூடித் தீர்மானித்து, அதை மீறுவோரைத் தாங்களே ஒதுக்க வேண்டும். பெற்றோர்கள், பிள்ளையின் நண்பர் யார், செலவு எவ்வளவு, தூக்கம் எப்படி, படிப்பில் மனம் செல்கிறதா என்பவற்றை அதட்டாமல் அன்போடு கவனித்து வர வேண்டும். மாலை வேளையில் விளையாட மைதானமும், வாசிக்க நூல் நிலையமும் இல்லாத ஊரில் பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. நகரசபையார் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஒரு காலத்தில் அந்நிய ஆட்சி அபினியைக் கொண்டு பொருள் திரட்டிற்று. அதை எதிர்த்தவர்கள் அடிமைத்தளையிலும் தங்கள் ஜனங்களின் அறிவில் நம்பிக்கை வைத்தார்கள். இன்று ஆட்சி நம்முடையது, பள்ளி நம்முடையது, பிள்ளைகளும் நம்முடையவர்கள். உண்மையை மறைக்காமலும், மிகைப்படுத்தாமலும் அவர்களிடம் சொல்வதற்கு நமக்கு என்ன தடை? வருகிற ஜூன் 26-ஆம் தேதி ஊர்வலத்துக்குப் பதாகை எழுதும் பள்ளிகள், அதற்கு மறு வாரமே முதல் வகுப்பையும் தொடங்கட்டும். ஊர்வலம் அன்றோடு கலைந்துவிடும். வகுப்பு ஆண்டு முழுதும் நடக்கும்.